டிராக்டர் கிளட்ச் கருகாமல் காப்பது எப்படி?

மழை பெய்து மண் பதமாக இருப்பது சில நாட்களே. அந்த நாட்களில் டிராக்டர் பட்டறையில் நின்றுவிட்டால் சொந்த உழவும் கெடும். வாடகை வருமானமும் போகும். கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமானால் டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். இந்தச் செலவு சீக்கிரம் வராமல் தடுக்க இரண்டு ஸ்பானர்களும் ஓர் அளவுகோலும் அரை மணி நேரமும் போதும். கம்பி இணைப்பு உள்ள பழைய டிராக்டர்களுக்கு இந்த முறை பொருந்தும்.

'பிளே' என்றால் என்ன?

கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதலில் சிறிது தூரம் இலேசாக இறங்கும், பிறகு கெட்டியாகும். அந்த இலேசான அசைவைத்தான் மெக்கானிக்குகள் 'பிளே' என்கிறார்கள். பெடலை மிதிக்காத நேரத்தில் ரிலீஸ் பேரிங், கிளட்ச் விரல்களைத் தொடாமல் விலகி நிற்பதற்கு இது தேவை.

பிளேட் தேய்ந்தால் பிளே கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பிளேட் மெலிய மெலிய பிரஷர் பிளேட் பிளைவீல் பக்கம் நகரும். விரல்களின் நுனி பேரிங்கை நெருங்கும். பிளே குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் அடியோடு இல்லாமல் போகும். அப்போது பெடலை மிதிக்காமலேயே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும்.

அறிகுறிகள்

பிளே இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது எஞ்சின் இரையும்; வண்டி இழுக்காது. கருகிய வாடை வரும். பேரிங்கும் தேயும். பிளே அதிகமானால் கிளட்ச் முழுவதும் விடாது. கியர் போடும்போது கரகரவென்று சத்தம் கேட்கும்.

சரிசெய்யும் முறை

1. சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

2. பெடலை அழுத்திப் பிளேயை அளவுகோலால் அளந்து கொள்ளுங்கள். பல டிராக்டர்களில் இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். உங்கள் டிராக்டரின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது.

3. பெடலிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் கம்பியைப் பாருங்கள். பின்களும் துளைகளும் தேய்ந்து ஆடினால் முதலில் அவற்றை மாற்றுங்கள். ஆட்டம் இருந்தால் அளந்த அளவு பொய்யாகும். பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. லாக் நட்டைத் தளர்த்தி, பின்னைக் கழற்றி, கம்பி நுனியில் உள்ள யோக்கை ஒரு சுற்று திருகுங்கள். பின்னை மாட்டி மறுபடி அளவு பாருங்கள். எந்தப் பக்கம் திருகினால் பிளே கூடும் என்பது டிராக்டருக்கு டிராக்டர் மாறும்.

5. அளவு சரியானதும் லாக் நட்டை இறுக்கிப் புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள்.

6. கட்டையை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட்டுங்கள். பெடலை முழுவதும் மிதித்துச் சில வினாடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். பெடலை விட்டதும் வண்டி உடனே இழுக்க வேண்டும்.

இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டரில் பெடல் பாதியில் ஓட்டத்தையும், முழுவதும் இறங்கியதும் பி.டி.ஓ.வையும் நிறுத்தும். அதன் உள்ளே உள்ள விரல்களின் அளவை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று

பெடலின் மேல் காலை வைத்தபடியே உழுவது பல டிரைவர்களின் பழக்கம். எவ்வளவு சரியாகப் பிளே வைத்தாலும் அந்தக் கால் அதைத் தின்றுவிடும். மிதிக்காத நேரத்தில் கால் கீழே இருக்கட்டும்.

உழவுப் பருவத்தில் வாரம் ஒரு முறை பிளேயை அளந்து பாருங்கள். திருகுவதற்கு மரை மிச்சமில்லை என்றால் பிளேட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். மழைக்குக் காத்திராமல் கோடையிலேயே மாற்றிவிடுங்கள்.