பேச்சு வராத குழந்தைக்கும் சொல்ல விஷயம் உண்டு



மூன்று வயது நிறைந்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் நமது துணை சுகாதார நிலையத்துக்கு வந்தார். "இன்னும் அம்மான்னு கூப்பிடலீங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புறதில்லை. ஏதாவது வேணும்னா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான். என்ன கேக்குறான்னு எனக்குப் புரியலேன்னா தலையைச் சுவத்துல முட்டிக்கிறான்" என்றார். உடன் வந்த மாமியாரோ, "இவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான். தானா வந்துடும்" என்றார்.

"தானா வந்துடும், பொறுத்துப் பாரும்மா" என்று நானும் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் பேச்சை நம்பி அவர் இரண்டு வருஷம் காத்திருந்தார். அந்தத் தவறு இனி யாருக்கும் நேரக்கூடாது. அதற்காகவே இந்தப் பிரசுரம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. 1943-ல் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைக் கவனித்து இதைப் பற்றி விரிவாக எழுதினார். தாய் பாசம் காட்டாததால் இது வருகிறது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அது முற்றிலும் பொய் என்று நிரூபணமாகிவிட்டது. தடுப்பூசியாலும் இது வருவதில்லை. அப்படிச் சந்தேகம் கிளப்பிய 1998-ம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

எப்போது காட்ட வேண்டும்?

• 12 மாதம் ஆகியும் மழலை இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை
• 16 மாதம் ஆகியும் ஒரு சொல்கூட இல்லை
• 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை
• வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோயிற்று

இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கன்வாடிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சியாளருக்கு முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கீழே உள்ளதை இன்றே வீட்டில் தொடங்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கேட்கக் காரணம் கொடுங்கள். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட்டால் குழந்தை ஏன் கேட்கப் போகிறது? அதற்குப் பிடித்த முறுக்கை, கண்ணுக்குத் தெரியும் டப்பாவில் போட்டு இறுக மூடி அருகில் வையுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். குழந்தை பார்த்தாலும், கை நீட்டினாலும், ஒரு சத்தம் போட்டாலும் அதுவே கேட்டதாக அர்த்தம். உடனே "முறுக்கு" என்று சொல்லி ஒரு சிறு துண்டு கொடுங்கள். மறுபடி கேட்க வாய்ப்பிருக்கும். பசித்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். பயிற்சி வேறு, பட்டினி வேறு.

2. குழந்தையின் விளையாட்டில் நீங்கள் சேருங்கள். எதிரே தரையில் உட்காருங்கள். அது தட்டைச் சுற்றினால் நீங்களும் ஒரு தட்டைச் சுற்றுங்கள். தூளியை நாலு தரம் ஆட்டி நிறுத்துங்கள். உங்களைப் பார்த்தால் "ஆட்டு" என்று சொல்லி ஆட்டுங்கள்.

3. குறைவாகப் பேசுங்கள். சொல்லே இல்லாத குழந்தைக்கு ஒரு சொல் போதும். "பால்", "வா", "இன்னும்", "போதும்". வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். "இங்கிலீஷ் மட்டும் பேசினால்தான் பேச்சு வரும்" என்பது தவறு.

4. படம் கொடுத்துக் கேட்கப் பழக்குங்கள். 1985-ல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் என்னும் இருவர் ஏற்படுத்திய முறை இது. பிடித்த பிஸ்கட்டின் உறையிலுள்ள படத்தை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். தொடக்கத்தில் இருவர் தேவை. ஒருவர் எதிரே பிஸ்கட்டைக் காட்டி, மறு கையை விரித்து வைத்திருக்க வேண்டும். மற்றவர் குழந்தையின் பின்னால் பேசாமல் உட்கார வேண்டும். குழந்தை பிஸ்கட்டுக்குக் கை நீட்டியதும், பின்னால் இருப்பவர் அந்தக் கையால் படத்தை எடுத்து எதிரே உள்ளவர் கையில் கொடுக்க வைக்க வேண்டும். படம் கைக்கு வந்ததும் "பிஸ்கட்!" என்று சொல்லி உடனே கொடுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள், தானாகக் கேட்பதே பாடம். பின்னால் இருந்து செய்யும் உதவியை நாளடைவில் குறைத்து நிறுத்திவிடுங்கள்.

5. "வேண்டாம்" என்பதையும் கற்றுக்கொடுங்கள். தட்டைக் கையால் தள்ளினாலோ, தலையை ஆட்டினாலோ அதை மதித்து எடுத்துவிடுங்கள். மறுக்க வழி தெரிந்தால் தலையை முட்டிக்கொள்வது பெரும்பாலும் குறையும்.

செய்யக்கூடாதவை

"வாயால சொன்னாத்தான் தருவேன்" என்று அழவிடாதீர்கள். அடித்தால் பேச்சு வராது, பயம்தான் வரும். குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தட்டவைத்து, "இதெல்லாம் குழந்தையே சொல்கிறது" என்று காட்டுபவர்களிடம் ஏமாறாதீர்கள். அவை கையைப் பிடித்திருப்பவரின் சொற்கள் என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

படம் காட்டினால் சோம்பேறியாகிப் பேசாமலே இருந்துவிடுமா?

இந்தப் பயம் பலருக்கும் உண்டு. படமோ, சைகையோ, படத்தைத் தொட்டால் பேசும் கருவியோ பேச்சைத் தடுப்பதில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடியே இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 4 வயதில் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாத 535 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. அவர்களில் 100-க்கு 70 பேர் பின்னர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள். 100-க்கு 47 பேர் சரளமாகவே பேசினார்கள். எல்லாக் குழந்தைகளும் பேசிவிடும் என்று உறுதி சொல்வதற்கில்லை. பேசாத குழந்தைக்கும் தன் மனதைத் தெரிவிக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டுள்ளது. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அந்தத் தாய் நான்கு மாதம் கழித்து வந்தார். மகன் இன்னும் "அம்மா" என்று சொல்லவில்லை. ஆனால் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியாரின் மடியில், பையிலிருந்து பிஸ்கட் படத்தை எடுத்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "தினமும் பின்னாடி உக்காந்து கையைப் பிடிச்சது நான்தானுங்க" என்றார் அந்த மூதாட்டி. பையன் நெற்றியில் பழைய தழும்பு இருந்தது. புதிய காயம் இல்லை.

பேச்சு வரட்டும் என்று காத்திராதீர்!
கேட்கும் வழியை இன்றே காட்டுவீர்!