எண் சொன்ன பொய்

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவோர் இன்று பெருகி வருகின்றனர். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்திய அரசு இதற்கெனப் பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. தகடுகள் தரும் மின்சாரத்தில் வீட்டுத் தேவை போக எஞ்சியது வெளிமின் கம்பிக்குச் செல்லும். இந்த வரவுசெலவைக் காட்டுவது கண்காணிப்புக் கருவி. அது காட்டும் எண் எப்போதும் சரியாக இருக்குமா? அகமதாபாத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைப் படிப்போம்.

மே மாதத்து நண்பகல். வீட்டில் 4200 வாட் செலவாவதாகக் கருவி காட்டியது. அம்மா திடுக்கிட்டார், ஆச்சியின் அறையில் ஓடிய ஏர் கூலரை நிறுத்தினார். ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சி, ஒன்றும் சொல்லாமல் பனையோலை விசிறியைக் கையில் எடுத்தார்.

மகள் கருவியைப் பார்த்தாள். எண் குறையவில்லை, 4400 ஆக உயர்ந்திருந்தது! இரவில் மற்றொரு வியப்பு. வீடு 500 வாட் மின்சாரத்தை வெளியே அனுப்புவதாகக் கருவி காட்டியது.

"அப்பா, கதிரவன் மறைந்த பிறகு நம் வீட்டிலிருந்து மின்சாரம் எப்படி வெளியே போகும்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை மின்பணியாளர் வந்தார். வெளிமின் கம்பியைச் சுற்றி மாட்டிய கவ்விதான் மின்னோட்டத்தை அளக்கிறது. அதன் அம்புக்குறி திசை மாறி இருந்தது. அதனால் வெளியே சென்றதை உள்ளே வந்ததாகக் கருவி கணக்கிட்டது. தகடுகள் தந்தது 2400 வாட். வெளியே சென்றது 1800 வாட். உண்மைச் செலவு 600 வாட் மட்டுமே. கருவியோ இரண்டையும் கூட்டி 4200 என்றது. கூலரை நிறுத்தியதும் 200 வாட் கூடுதலாக வெளியே சென்றது. ஆகவே எண்ணும் ஏறியது.

அவர் கவ்வியைத் திருப்பி மாட்டினார். "கவ்வியின் வாய் முழுவதும் மூடியிருக்க வேண்டும். ஒரு கம்பியை மட்டுமே அது சுற்ற வேண்டும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்துச் சுற்றினால், ஒன்றையொன்று ஈடுசெய்து சுழியம் காட்டும். ஒரு நாள் கணக்கை மின்வாரிய மீட்டருடன் ஒப்பிட்டுப் பாருங்கள்" என்றார். மின்பலகையைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

அன்று நண்பகலில் ஆச்சியின் அறையில் கூலர் ஓடியது. கருவி 600 வாட் காட்டியது. ஒரு கேள்வி ஆச்சியின் வெப்பத்தைத் தணித்தது.

அருஞ்சொற்பொருள்
எஞ்சியது – மீதமானது
சுழியம் – பூச்சியம்
ஈடுசெய்தல் – சமன்செய்தல்

பயிற்சி
1. கருவி பிழையாக அளக்கிறது என்பதைக் காட்டிய இரு குறிப்புகள் யாவை?
2. தகடுகள் தருவது 2000 வாட்; வெளியே செல்வது 1300 வாட். வீட்டின் செலவு எவ்வளவு? கவ்வி திசை மாறியிருந்தால் கருவி எவ்வளவு காட்டும்?
3. எதிர்ச்சொல் எழுதுக: வரவு, உயர்ந்தது, உண்மை.
4. உங்கள் வீட்டு மீட்டரின் எண்ணை இன்று காலையிலும் நாளை அதே நேரத்திலும் குறித்து, ஒரு நாள் செலவைக் கண்டு ஐந்து வரிகளில் எழுதுக.