பங்கில் போட்ட பணம் பத்திரமா?

பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடை வைக்கிறார்கள். ஆளுக்கு 1,000 ரூபாய் போடுகிறார்கள். கடையில் பத்தில் ஒரு பாகம் ஒவ்வொருவருக்கும் சொந்தம். இலாபத்திலும் பங்கு உண்டு. நட்டத்திலும் பங்கு உண்டு. பெரிய கம்பெனிகளின் பங்கும் இப்படித்தான். இலாபத்தில் கம்பெனி பிரித்துத் தரும் பணம் ஈவுத்தொகை.

பங்குகளை வாங்கி விற்கும் இடம் பங்குச் சந்தை. மும்பைப் பங்குச் சந்தை 1875இல் தொடங்கியது. அங்கே 30 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்து ஓர் அளவு கணக்கிடுகிறார்கள். அதன் பெயர் சென்செக்ஸ்.

"பங்கு வாங்குவது சூதாட்டம்" என்பார்கள் சிலர். "பல ஆண்டு வைத்திருந்தால் நட்டமே வராது" என்பார்கள் வேறு சிலர். எது சரி? கணக்கைப் பார்ப்போம்.

2008 ஜனவரியில் சென்செக்ஸ் சுமார் 21,000. அமெரிக்காவில் பெரிய வங்கிகள் விழுந்தன. நம் சந்தையும் விழுந்தது. 2009 மார்ச்சில் சென்செக்ஸ் சுமார் 8,000. நூறு ரூபாய் நாற்பது ரூபாய்க்கும் கீழே போனது. 2010 நவம்பரில் மீண்டும் 21,000 வந்தது. 2024இல் 80,000த்தைத் தாண்டியது. விற்காமல் காத்திருந்தவருக்கு இலாபம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,400க்கு மேல் இருந்தது. வங்கிப் பணத்தில் நடந்த மோசடி வெளியானது. விலை சரிந்தது. 2003 ஏப்ரலில் சென்செக்ஸ் 3,000க்கும் கீழே இருந்தது. நடுவில் கிடைத்தது ஈவுத்தொகை மட்டும். அதாவது, 11 ஆண்டு காத்திருந்தும் போட்ட முதல் வரவில்லை. அதன் பிறகு நன்றாக ஏறியது.

காலம் ஆபத்தைக் குறைக்கும். அடியோடு நீக்காது.

மும்பை தாராவியில் இட்லி விற்கும் ஓர் அக்காவும் அறிவொளித் தொண்டரும் பேசுவதைப் படியுங்கள்.

"தம்பி, என்னிடம் 60,000 ரூபாய் இருக்கிறது. பங்கில் போடலாமா?"

"என்ன செலவுக்கு வைத்திருக்கிறீர்கள், அக்கா?"

"40,000 மகளின் கல்லூரிக்கு. அடுத்த வருஷம் கட்டவேண்டும். 20,000 என் வயசான காலத்துக்கு. அதற்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது."

"கல்லூரிப் பணத்தைப் பங்கில் போடாதீர்கள். கட்டும் மாதத்தில் சந்தை விழுந்தால் 40,000 பாதியாகவும் ஆகலாம். கல்லூரி காத்திருக்காது. அதை வங்கியில் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு."

"அப்படியானால் எல்லாவற்றையும் வங்கியிலேயே போட்டுவிடுகிறேனே?"

"இருபது வருஷத்தில் அரிசி, பருப்பு விலை எவ்வளவு ஏறும்? வட்டி அதற்கு ஈடாகாமல் போகலாம். அதுவும் ஓர் ஆபத்துதான். வயசான காலத்துப் பணத்தில் ஒரு பகுதியைப் பங்கில் போடலாம். ஒரே நாளில் போடவேண்டாம். மாதம் 500 என்று போடுங்கள். விலை குறைந்த மாதத்தில் அதிகப் பங்கு கிடைக்கும்."

"எங்கள் தெருவில் ஒருவர் ஒரு கம்பெனி பெயர் சொன்னார்."

"ஒரே கம்பெனியை நம்பாதீர்கள், அக்கா. ஐதராபாத் சத்யம் கம்பெனி பெரிய கம்பெனி. 2009 ஜனவரி 7இல் அதன் தலைவரே கணக்கு பொய் என்று ஒப்புக்கொண்டார். சுமார் 180 ரூபாயில் இருந்த பங்கு அன்றே 40 ரூபாய் ஆனது. பல கம்பெனிகளில் பரவலாகப் போடும் பரஸ்பர நிதி மேல்."

நினைவில் வையுங்கள்

1. ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடாதீர்கள்.

2. கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள். விலை இறங்கினாலும் வட்டி நிற்காது.

3. 'பியூச்சர், ஆப்ஷன்' என்ற வியாபாரம் வேறு. அதில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 93 தனி நபர்கள் நட்டமடைந்ததாக, சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் சொன்னது.

4. "பணம் நிச்சயம் இரட்டிப்பாகும்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பதில் சொல்லுங்கள்

1. 1992இல் வாங்கியவருக்கு 2003இல் என்ன ஆனது?

2. அக்காவின் 40,000 ரூபாய் ஏன் வங்கிக்குப் போகவேண்டும்?

3. உங்கள் சேமிப்பு எந்தச் செலவுக்கு? எந்த ஆண்டில் வேண்டும்? எழுதுங்கள்.