படம் ஒன்றைக் கொண்டு பழ ஈயை இனங்காணலாமா?

மாங்காய் முற்றி வரும் தருணத்தில் தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளி தென்படும். சில நாட்களில் அவ்விடம் மெத்தென்றாகி அழுகி, காய் உதிரும். அறுத்துப் பார்த்தால் வெண்ணிறப் புழுக்கள் நெளியும். இது பழ ஈயின் சேதம். தோட்டத்தில் திரியும் ஈயைக் கைப்பேசியில் படம் எடுத்து, "இது எந்த ஈ?" என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. படம் தெளிவாக இருந்தால் ஓரளவு சொல்லலாம்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

1. கீழ்த்திசைப் பழ ஈ: முதுகு பெரும்பாலும் கறுப்பு, இருபுறமும் மஞ்சள் கோடு. இறக்கையின் முன்விளிம்பில் மெல்லிய கரும்பட்டை நுனி வரை விடாமல் செல்லும்.

2. பீச் பழ ஈ: முதுகு செம்பழுப்பு. விளிம்புப் பட்டை இடையில் விட்டுப்போய், நுனியில் தனிப் புள்ளி இருக்கும்.

3. கொய்யாப் பழ ஈ: இறக்கை பீச் பழ ஈயைப் போன்றதே, ஆனால் முதுகு கறுப்பு.

4. பாகல், பீர்க்கு, புடலையைத் தாக்கும் ஈ: முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள். இறக்கை நுனியில் பெரிய கரும்புள்ளி. குறுக்கு நரம்பும் கறுத்திருக்கும்.

இனம் தெரிவதால் என்ன லாபம்? முதல் மூன்று இனங்களின் ஆண் ஈக்கள் மெத்தில் யூஜினால் வைத்த பொறிக்கு வரும். பாகல் ஈ அதற்கு வராது; அதற்குக் கியூலூர் வைக்க வேண்டும். மருந்து மாறினால் பொறி காலியாக இருக்கும். ஈயே இல்லை என்று விவசாயி எண்ணியிருக்க, பிஞ்சுகள் புழுத்துப்போகும்.

ஆனால் ஒரே படத்தை முழுதும் நம்பலாகாது. புதிதாக வெளிவந்த ஈ வெளிறியிருக்கும். ஒரே இனத்திலும் முதுகின் நிறம் மாறுபடும். 2003ல் கென்யாவில் காணப்பட்ட ஈயை, 2005ல் நிபுணர்கள் புதிய இனமாக விவரித்தனர். 2015ல்தான் அது கீழ்த்திசைப் பழ ஈயே என்று முடிவாயிற்று. புழுவின் படத்தை மட்டும் பார்த்து இனம் சொல்ல இயலாது. அழுகிய பழத்தை மொய்க்கும் செங்கண் கொசு ஈ வேறு. அதைப் பழ ஈ என்று எண்ணக் கூடாது.

ஆகவே, முதுகு, விரித்த இறக்கை, முகம் என மூன்று படங்கள் எடுக்க வேண்டும். பயிர், ஊர், தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நான்கைந்து ஈக்களை ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியில் போட்டு வைப்பது மிக நல்லது. ஈ கிடைக்காவிடில், புழுத்த காய்களை மணல் பரப்பிய பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தால், புழுக்கள் மணலில் கூட்டுப்புழுவாகிப் பின்னர் ஈக்கள் வெளிவரும். நிறம் நன்கு பிடித்த பின் அவற்றை எடுத்துக் காட்டலாம்.

எந்த இனமானாலும், உதிர்ந்த காய்களை அன்றாடம் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். மரத்தடியைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும். இதற்குப் படம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.