குளத்தில் பெரிய மீன் எது?

அன்புள்ள கதிரவனுக்கு,

ஒரே நாளில் வாங்கிவிட்ட ரோகுக் குஞ்சுகளில் சில ஒரு கிலோவை எட்டிவிட்டன, சில கால் கிலோவைக்கூடத் தொடவில்லை என்று எழுதியிருந்தாய். பெரியவற்றைத் தனியே வைத்துச் சினை மீனாக்கினால் அடுத்த தலைமுறை முழுவதும் வேகமாக வளருமா என்றும் கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. ஆனால் நீ எதிர்பார்க்கிற அளவுக்கு வளராது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு மீன் பெரிதாவதற்கு வம்சம் ஒரு காரணம் மட்டுமே. ஓரிரு நாள் முன்னதாகப் பொரித்த குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே நுண்ணுயிர் உணவு கூடுதலாகக் கிடைத்துவிடும். அதனால் சற்றே பெரிதாகும். பெரிதானது மற்றவற்றைத் தள்ளிவிட்டுத் தீவனத்தை முதலில் தின்னும். சின்ன இடைவெளி மாதக்கணக்கில் இப்படித்தான் பெருகிக்கொண்டே போகிறது. வளர்ப்பு மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு, எடை வேறுபாட்டில் ஏறத்தாழ 20 முதல் 40 சதவீதம்தான் பெற்றோர் வழி வருவது. மீதி உணவு, தண்ணீர், நெருக்கடி, அதிர்ஷ்டம். உன் குளத்துப் பெரிய மீன் நல்ல வம்சமாகவும் இருக்கலாம், முதலில் தின்றதாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. புவனேஸ்வர் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், நார்வே நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1992-இல் ரோகுவில் தேர்வுமுறை இனப்பெருக்கத்தைத் தொடங்கியது. நார்வேக்காரர்கள் அதற்கு முன்பே, 1970-களிலிருந்து, சால்மன் மீனில் இதைச் செய்து அனுபவம் பெற்றிருந்தார்கள். கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளிலிருந்து ரோகுக்களைக் கொண்டுவந்து, நிலையத்தின் பண்ணை மீன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் குஞ்சுகளையும் தனித்தனித் தொட்டியில் வளர்த்து, அரிசி அளவிலான மின்னணு அடையாளச் சில்லு ஒன்றை ஒவ்வொன்றின் வயிற்றிலும் செலுத்தி, பிறகு எல்லாக் குடும்பங்களையும் ஒரே குளத்தில் கலந்துவிட்டார்கள். தண்ணீரும் தீவனமும் எல்லோருக்கும் ஒன்று. அறுவடையில் எடை போட்டபோது தனி மீன் எவ்வளவு பெரிது என்பதோடு நிற்காமல், அதன் அண்ணன் தம்பிகள் எல்லாம் எப்படி வளர்ந்தன என்றும் கணக்கிட்டார்கள். குடும்பமே நன்றாக வளர்ந்திருந்தால் அது வம்சத்தின் வேலை என்று நம்பலாம். இப்படித் தேர்ந்தெடுத்ததில் தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. நாட்டு விடுதலையின் பொன்விழா ஆண்டான 1997-இல் வெளியிட்டதால் அந்த மீனுக்கு ஜெயந்தி ரோகு என்று பெயர்.

உன் திட்டத்தில் எனக்கு உண்மையான கவலை தரும் இடம் வேறு. ரோகுவின் ஒரு கிலோ எடைக்கு இரண்டு லட்சம் முட்டைக்கு மேல் கிடைக்கும். ஆகவே நாலைந்து சினை மீன் இருந்தால் ஒரு குஞ்சு பொரிப்பகமே நடத்திவிடலாம். பலர் நடத்துகிறார்கள். அந்த மீன்களின் பிள்ளைகளையே அடுத்துச் சினை மீனாக்குவார்கள், பிறகு அவற்றின் பிள்ளைகளை. அண்ணனும் தங்கையும் கூடிப் பெருகும் வம்சத்தில் வளர்ச்சி குறையும், பிழைப்பு குறையும், உடல் கோணும். சில இடங்களில் ரோகுவையும் கட்லாவையும் ஒரே தொட்டியில் முட்டையிட விடுவதால் கலப்பினக் குஞ்சுகளும் வந்துசேர்கின்றன. வாங்குகிறவருக்கு விரல் நீளத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இதை ஒரு பெரிய அநியாயமாகவே நான் நினைக்கிறேன். நஷ்டம் தெரியவரும்போது ஓர் ஆண்டு போயிருக்கும்.

இனி தீவனத்துக்கு வருவோம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம பங்கு போடுவதாக எழுதியிருந்தாய். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் வளரும் ரோகுவுக்குச் சுமார் 30 சதவீதம் புரதம் வேண்டும், பொடிக் குஞ்சுக்கு இன்னும் கூடுதலாக. தவிட்டில் புரதம் குறைவு. புண்ணாக்கில் புரதம் இருந்தாலும் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் போதாது. ஒன்று குறைந்தாலும் மற்றவை தசையாவதில்லை. எரிந்து, செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறி உன் தண்ணீரைத்தான் கெடுக்கும். இன்னொன்று: ரோகுவுக்கு இரைப்பையே கிடையாது, அமிலச் செரிமானமும் இல்லை. அதனால் ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகக் கொடு. தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய இருந்தாலும் பெரும்பகுதி மீனுக்குக் கிட்டாத வடிவில் இருக்கிறது. அதைத் தாது உப்புக் கலவையால் ஈடுகட்ட வேண்டும். குளத்தில் நுண்ணுயிர் உணவு செழித்திருந்தால் இந்தக் குறைகளில் பாதி தானாகவே தீரும். சாணமும் உரமும் இடுவது அதற்காகத்தான்.

நல்ல வம்சம் வாங்கிவிட்டால் தீவனத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஐந்து தலைமுறை தேர்வு செய்த நார்வே சால்மனைக் காட்டு சால்மனோடு ஒப்பிட்டபோது, அது இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது; ஆனால் சுமார் 40 சதவீதம் கூடுதலாகத் தின்றது. தின்றதைச் சதையாக்கும் திறனும் கூடியிருந்தது உண்மைதான். ஆனால் பசியும் வம்சத்தோடு சேர்ந்தே வருகிறது. அந்தப் பசிக்குப் போடாவிட்டால் ஜெயந்தி ரோகுவும் சாதாரண ரோகுவும் உன் குளத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கும். தீவனம் எவ்வளவு கூட்டினாலும், நெருங்கிய உறவில் பிறந்த குஞ்சு ஓர் எல்லைக்கு மேல் போகாது.

ஆகவே சினை மீன் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடு. அடுத்த முறை குஞ்சு வாங்கப் போகும்போது மூன்று கேள்வி கேள்: சினை மீன்களை எங்கிருந்து எடுத்தீர்கள், எத்தனை ஜோடி வைத்திருக்கிறீர்கள், வெளியிலிருந்து புது மீன் கடைசியாக எப்போது சேர்த்தீர்கள்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதே.

அன்புடன்,
உன் மாமா