ராத்திரி எழுப்புவது பகல்தான்

விடியுமுன்னே போடியிலிருந்து கூலியாட்களை ஏற்றிய ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். முந்தலைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறினால் போடிமெட்டு, அதற்கப்பால் இடுக்கி ஏலத்தோட்டங்கள். அந்த ஆட்டத்திலும் உட்கார்ந்தபடி கண்ணயரும் அக்காவிடம் கேட்டால், "ராத்திரி மூணு தடவ ஒண்ணுக்கு எந்திரிச்சா எங்கிட்டுத் தூங்குறது?" என்பார். காரணமும் கையோடு வைத்திருப்பார்: "வயசாகுதுல்ல."

இது பாதி உண்மை. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைத்து வைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் வயதோடு தளர்கிறது. அதனால் அறுபதுக்கு மேல் ஒருமுறை எழுவது நோயல்ல. இரண்டு, மூன்று என்று ஏறித் தூக்கம் கெட்டால் வயதின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. எத்தனை முறை என்பதைவிட, ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறது என்பதே முக்கியமான கேள்வி. அளவு போட்ட பழைய மக் ஒன்றில் மூன்று நாள் அளந்து, நேரத்தோடு எழுதிப் பாருங்கள். விடிந்ததும் போகும் முதல் சிறுநீரும் இரவுக் கணக்குதான். முதியவர்களுக்கு ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால், உடம்பு இரவில் அதிகமாகச் சிறுநீர் உண்டாக்குகிறது என்று பொருள். அடிக்கடி வந்தும் கொஞ்சங்கொஞ்சமாகவே போனால் சிறுநீர்ப்பைப் பக்கம், புராஸ்டேட் பக்கம், கிருமித் தொற்றுப் பக்கம் பார்க்க வேண்டும்.

"தண்ணியக் குறைச்சா சரியாப் போயிரும்" என்பது அடுத்த நம்பிக்கை. மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஏற்கெனவே குறைத்துத்தான் குடிக்கிறார்கள். ஏலச்செடிக்கு நடுவே ஒதுங்க மறைவான இடமில்லை, அட்டை வேறு. தோட்டங்களில் ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் சொன்னதெல்லாம் சரிவில் இருக்கிறதா என்பதை அங்கே வேலை செய்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். பகலெல்லாம் வாயைக் கட்டிவிட்டு, வீடு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர், சோற்றோடு ஒரு செம்பு, படுக்குமுன் டீ. பகல் பாக்கியை ராத்திரி வசூலிக்கிறது உடம்பு. மொத்தத் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் வரும், கல்லுக்கும் வழியாகும். குடிக்கும் நேரத்தை மாற்றுவதே வழி: பகலில் தாராளம், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து கொஞ்சம். அதற்குப் பகலில் கழிப்பறை வேண்டும். இதில் மருத்துவம் எங்கே முடிந்து கூலிக்காரர் உரிமை எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

தண்ணீரைச் சந்தேகிக்கிற அளவுக்கு யாரும் உப்பைச் சந்தேகிப்பதில்லை. ஜப்பானின் நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி உப்பைச் சுமார் 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழுவது சராசரியாக 2.3 முறையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ 5 கிராமுக்கும் கீழே. ராத்திரிச் சோற்றுக்குக் கருவாடும் ஊறுகாயும் வைத்துக்கொள்பவர்கள் ஒரு வாரம் அதைப் பகலுக்கு மாற்றிப் பார்க்கலாம். குறைத்தால் இன்னும் நல்லது.

"கால் வீக்கம் வேற, இது வேற." வேறல்ல. நாள் முழுக்கச் சரிவில் நின்ற காலில் இறங்கித் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. சாயங்காலமே அரைமணி, ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துக்கொண்டால் அந்த நீர் படுக்குமுன்னரே வெளியேறும். ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையும் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். வீக்கத்தோடு மூச்சு வாங்கினால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

மலைக்குளிரைக் குறை சொல்வதில் நியாயம் உண்டு. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்க, உள்ளே கூடும் ரத்தத்திலிருந்து சிறுநீரகம் கூடுதலாக நீரைப் பிரிக்கும். ஆனால் போடிப் புழுக்கத்திலும் மூன்று முறை எழுகிறவர் குளிரைச் சாக்குச் சொல்ல முடியாது.

"ஆம்பளைக்கு வர்ற வியாதி", "சுகர்தான், வேறென்ன" என்ற இரண்டையும் சேர்த்தே தள்ளலாம். பெண்களுக்கும் ஏறக்குறைய இதே அளவில் வருகிறது. சர்க்கரை ஒரு காரணம் மட்டுமே. பரிசோதனை செய்யாமல் அதை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும் என்பார்கள். வரும், நிலைக்காது. மது அந்த வாசோபிரசினையே அடக்கி, நடுராத்திரியில் எழுப்பிவிடும். குறட்டையை ஆழ்ந்த தூக்கம் என்று நினைப்பதும் அப்படித்தான். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருபவருக்கு இதயத்திலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைப் பெருக்குகிறது. அவர் எழுந்து போவது சிறுநீருக்காக, எழுப்பியது மூச்சு.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், அடியோடு போகாமல் அடைப்பு, இவற்றில் எது வந்தாலும் அளந்து பார்க்கக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. மற்றவர்கள் போடி அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ போகும்போது அந்த மூன்று நாள் தாளையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அதுவரை கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு சின்ன பல்பு எரியட்டும்.