முழு ஒரு நிமிடம்

அந்தச் சான்றிதழ் இன்றும் என் பீரோவில் இருக்கிறது. தங்க நிற ஓரம், நடுவில் பெரிய முத்திரை, மேலே 'டிப்ளமோ இன் நர்சிங்' என்ற எழுத்து. தி.நகர் உஸ்மான் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் நடந்த ஒரு பயிற்சி நிலையத்தில் 2016இல் 45,000 ரூபாய் கட்டி வாங்கியது. ஒன்பது வருடம் புடவைக் கடையில் நின்று, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். பத்தாவதுதான் படித்திருக்கிறேன் என்றதற்கு, "அது போதும்மா, ஒரே வருஷத்துல நர்ஸ் ஆயிடலாம்" என்றார்கள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து அவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட இரண்டு வருடத்தில் இந்த வேலை எனக்கு வரும் என்ற நம்பிக்கை பிறந்திருந்தது. அதனால் அவர்கள் சொன்னதையும் நம்பினேன்.

முதல் இன்டர்வியூவிலேயே, "கவுன்சில் நம்பர் இருக்கா?" என்று கேட்டார்கள். என்ன கேட்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. மறுநாள் மந்தைவெளியிலிருந்து சாந்தோம் நெடுஞ்சாலைக்குப் போனேன். அவர்கள் 'கவுன்சில்' என்றது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தை. அதன் அலுவலகம் அங்கேதான். அங்கே விவரம் சொன்னார்கள். நர்சிங் படிப்புகளில் ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ இவற்றைப் படித்தவர்களுக்குத்தான் பதிவு. ஓராண்டில் நர்ஸ் ஆகும் வழி சட்டத்தில் கிடையாது. தினமும் நான் வேலைக்குப் போய்வந்த தூரத்தில் இருந்த அலுவலகம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பெண்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். நர்ஸ் வேறு, உதவியாளர் வேறு. இரண்டும் கௌரவமான வேலைதான், ஆனால் ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றை விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பத்தாவது படித்தவர்களுக்கு உள்ள நேரான வழி 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்', ஜி.டி.ஏ. என்பார்கள். வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ள 'ஹோம் ஹெல்த் எய்ட்'. இவற்றுக்கான பாடத்தை வகுத்தது ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில். பாடம் நடத்துபவரே தேர்வு வைத்து மதிப்பெண் போட முடியாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து, எழுத்துத் தேர்வோடு கையால் செய்துகாட்டவும் சொல்வார். இப்போது வரும் சான்றிதழில் க்யூஆர் குறி இருக்கிறது, போனில் காட்டினால் உண்மையா என்று தெரிந்துவிடும். சேரும் முன் "பாடத்தின் குறியீட்டு எண் என்ன, தேர்வு வைப்பது யார், எந்த மருத்துவமனையில் எத்தனை நாள் பயிற்சி?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

பன்னிரண்டாவதில் அறிவியல் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளைப் பாருங்கள். இசிஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், அவசர சிகிச்சை என்று தனித்தனியாக உண்டு. என் அக்கா மகளை அப்படித்தான் டயாலிசிஸ் பக்கம் அனுப்பினேன். 'அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலை' என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. அங்கே அந்த வேலைக்கென்றே தனிப் படிப்பும் தேர்வும் இருக்கின்றன. இங்கே நான்கு மாதத்தில் வாங்கிய காகிதத்தோடு விமானம் ஏற முடியாது.

நான் இரண்டாம் முறை பயிற்சிக்குச் சேர்ந்தது அடையாறு பக்கம். பாடம் எடுத்தவர் முப்பது வருடம் வார்டு பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய வி.எச்.எஸ். (வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ்) அமைப்பைப் பற்றி முதல் நாளே சொன்னார். மருத்துவம் மருத்துவமனை வாசலுக்குள் அடங்கிவிடக் கூடாது என்று நினைத்தவர் சஞ்சீவி. சிறு சுகாதார மையங்களை ஏற்படுத்தி, ஊரில் இருக்கும் சாதாரணப் பெண்களுக்கே முதலுதவி கற்றுக்கொடுத்து வேலையில் அமர்த்தினார். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்து, பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் பிபி பார்க்கக் கிளம்பியபோது எனக்கு அந்த முதல் வகுப்புதான் ஞாபகம் வந்தது.

அந்த சிஸ்டரிடம் நான் கற்ற பெரிய பாடம் நாடி பார்ப்பது. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது எல்லோரும் செய்வதுதான். நானும் பயிற்சி வார்டில் ஒரு பெரியவருக்கு அப்படி எண்ணி 72 என்று எழுதினேன். பின்னால் நின்றிருந்த சிஸ்டர், "அதுக்குள்ள எண்ணிட்டியாம்மா? இன்னொரு தடவை வை. முழு ஒரு நிமிஷம்" என்றார். வைத்தேன். இருபது விநாடி தாண்டியதும் ஒரு துடிப்பு காணவில்லை. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் ஓடின. மறுபடி ஓர் இடைவெளி. எண்ணிக்கை 72 பக்கம்தான் வந்தது, ஆனால் தாளம் தப்பியிருந்தது. சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார், இசிஜி எடுத்தார்கள், அன்று மாலையே அவருக்கு மருந்து மாறியது. என் பதினைந்து விநாடிக் கணக்கை அப்படியே விட்டிருந்தால் சார்ட்டில் எல்லாம் சரியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து எவ்வளவு அவசரத்திலும் முழு நிமிடம் எண்ணுகிறேன். மூச்சையும் அப்படித்தான், ஆனால் எண்ணப்போகிறேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம்.

பிபிக்கும் பொறுமை வேண்டும். மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு கிளினிக்கில் சில மாதம் இருந்தேன். மார்கழியில் கோயிலுக்குப் போய்விட்டு, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, மாடி ஏறி வந்து உட்கார்ந்த கையோடு புடவைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டுவார்கள் மாமிகள். அந்த நேரத்தில் பார்த்தால் வருவது மாடிப்படியின் பிபி. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கால்மேல் கால் இல்லாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காபி குடித்திருந்தால் அரை மணி கழியட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணிக்கொருமுறை புரட்டுவது எல்லோருக்கும் தெரியும். புரட்டும்போதெல்லாம் குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சுற்றிலும் உள்ள தோலைவிடச் சூடா, கெட்டியா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்திவிடுவது நம் வீடுகளின் வழக்கம். என் மாமனாருக்கு நானே செய்திருக்கிறேன். உள்ளே நசுங்கிய தோல் அதனால் இன்னும் கெடும் என்பது பயிற்சிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் பட்ட வலியை நினைத்து அன்றைக்கு வகுப்பிலேயே அழுதேன்.

வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லைக் கோட்டை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, மருந்தின் அளவை மாற்றுவது நம் வேலை இல்லை. காந்தி நகரில் ஒரு வீட்டில், "நீங்கதானேம்மா எல்லாம் பாத்துக்கறீங்க, இன்சுலினையும் போட்டுடுங்களேன்" என்று கேட்டார்கள். முடியாது என்றேன், அவர்களுக்கு வருத்தம்தான். என்னை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் செய்து நர்ஸ் ஒருவரை வரவழைத்தேன். அவர் வீட்டு மகளுக்கே போடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அதே வீட்டில் பழைய ஊசிகளைச் சமையலறைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை அந்தப் பையைத் தூக்கும் துப்புரவுத் தொழிலாளியின் கையில்தான் அது குத்தும். மருத்துவமனையில் ஊசிக்கென்று குத்தினால் துளைக்காத வெள்ளைப் பெட்டி உண்டு. வீட்டில் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வையுங்கள், ஊசிக்குத் திரும்ப மூடி போட முயலாதீர்கள். யார் கையிலாவது குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது.

சம்பளத்தைப் பற்றி ஒன்று. இந்த வேலையில் என் முதல் சம்பளம் 12,000 ரூபாய். அதில் ஏஜென்சி எவ்வளவு பிடிக்கும், 12 மணி நேர டூட்டியா 24 மணி நேரமா, சாப்பாடு யார் பொறுப்பு, படுக்க இடம் உண்டா என்பதை நான் கேட்காமலே போய்ச் சேர்ந்தேன். நீங்கள் கேட்டு எழுதி வாங்குங்கள்.

போன வருடம் வார்டில் நைட் டூட்டியின்போது எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார். இரவு இரண்டு மணிக்கு டெம்பரேச்சர் பார்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "யாருடி நீ? என் வீட்ல உனக்கென்ன வேலை?" என்றார். முந்தைய நாள்வரை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். சார்ட்டின் கட்டத்தை நிரப்ப 98.6 என்று எழுதிவிடும் பழக்கம் எத்தனையோ வார்டுகளில் உண்டு. நான் எண் எதுவும் எழுதவில்லை. 'பார்க்க விடவில்லை. ஆள் அடையாளம் தெரியவில்லை. வழக்கமாக இப்படி இல்லை' என்று எழுதிவிட்டு டூட்டி நர்ஸை எழுப்பிச் சொன்னேன். வயதானவர்களுக்குத் திடீரென்று புத்தி தடுமாறினால் உள்ளே தொற்று இருக்கலாம், காய்ச்சல் இல்லாமலும் வரலாம் என்று வகுப்பில் படித்தது. காலையில் டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டு முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். தொற்றுதான். நான்காம் நாள் இரவு அதே இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரோடு போனேன். "வந்துட்டியா? சீக்கிரம் வச்சுட்டுப் போ, தூங்கணும்" என்று பேரைச் சொல்லித் திட்டினார்.